பெண்ணின் வயிறும் அரசின் கணக்கேடும்: சிங்கப்பூர் தரும் எச்சரிக்கை

2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, இரண்டுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றோர் மட்டுமே உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிடலாம் என்று சட்டம் கொண்டுவர எண்ணுவதாக அறிவித்தார். அதே மாதத்தில் சென்னையில் நடந்த அறநிலையத் துறைத் திருமண விழாவொன்றில், நாடாளுமன்றத் தொகுதிகள் குறையும் நிலை வந்தால் பதினாறு பிள்ளைகளைப் பெற வேண்டும் என்ற எண்ணம் ஏன் வராது என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மணமக்கள் முன்னிலையில் கேட்டார். டிசம்பரில் நாக்பூரில் பேசிய ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், குடும்பத்துக்கு மூன்று குழந்தைகளேனும் வேண்டும் என்றார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஸ்டாலின் மீண்டும் பேசினார்: முன்பு பொறுமையாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று வாழ்த்தியதுண்டு, இனி உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்பதே வாழ்த்து.

நாயுடு முதுமையை அஞ்சுகிறார். ஸ்டாலின் தொகுதி இழப்பை அஞ்சுகிறார். பாகவத் சமூகம் அழிந்துபோகும் என்று அஞ்சுகிறார். கொள்கையாலும் கட்சியாலும் வேறுபட்டு நிற்கும் இம்மூவரும் தங்கள் அச்சத்துக்கு மருந்து தேடிக் கை நீட்டும் இடம் மட்டும் ஒன்றாக இருக்கிறது. அது பெண்ணின் வயிறு.

இந்த அறைகூவல் மும்பைக்கும் வந்து சேர்கிறது. சுனாபட்டியில் ஒற்றைக் கோலியில் வாழும் தமிழ்ப் பெண்ணின் கைப்பேசியிலும் அக்காணொளிகள் ஓடுகின்றன. தண்ணீர் பிடித்து, சமைத்து, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, இளைய பிள்ளையை அடுத்த வீட்டு அத்தையிடம் ஒப்படைத்துவிட்டுச் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கப் போகிறவள் அவள். குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் இடம் கிடைத்தால் அரசு அவளுக்குத் தரும் வீட்டின் பரப்பு 300 சதுர அடி. அந்த 300 சதுர அடிக்குள் மூன்றாவது குழந்தையை எங்கே படுக்கவைப்பது என்ற கேள்விக்கு எந்த மேடையிலிருந்தும் விடை வரவில்லை.

விடை வராததற்குக் காரணம், அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றாததே. ஆனால் அதைக் கேட்காமல் பிறப்பு விகிதத்தைத் திருகப் பார்க்கும் அரசு என்னவாகும் என்பதற்கு அறுபதாண்டுச் சான்று இருக்கிறது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட, தமிழர் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற ஒரு சிறு தீவு நாடே அந்தச் சான்று. சிங்கப்பூர் முதலில் ‘நிறுத்து’ என்று ஆணையிட்டது. பிறகு ‘பெற்றுக்கொடு’ என்று கெஞ்சியது. முதல் சொல்லுக்கு விளைவு இருந்ததாகத் தோன்றியது. இரண்டாம் சொல்லுக்கு இன்றுவரை விளைவில்லை. இந்த வரலாற்றை அறியாமல் மேடையேறுவது அறியாமை. அறிந்தும் ஏறுவது அலட்சியம்.

முதலில் அளவுகோலைத் தெளிவுபடுத்த வேண்டும். மொத்தக் கருவள விகிதம் என்பது, ஓர் ஆண்டில் வயதுவாரியாக நிகழும் பிறப்பு நிலவரம் அப்படியே நீடித்தால் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தைகளைப் பெறுவாள் என்பதைக் குறிக்கும் எண். மக்கள் தொகை ஏறாமலும் இறங்காமலும் நிற்க இவ்வெண் ஏறத்தாழ 2.1 ஆக இருக்க வேண்டும். இந்தியாவில் இதனைக் கணக்கிடும் தேசியக் குடும்பநல ஆய்வின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், சுனாபட்டியிலிருந்து ஹார்பர் லைனில் நான்காவது நிலையமான கோவண்டிக்கு அருகில், தேவனாரில் இருக்கிறது. 2019–21 ஆய்வின்படி இந்தியாவின் விகிதம் 2.0, தமிழ்நாட்டின் விகிதம் 1.8, மகாராட்டிரத்தின் விகிதம் 1.7. மக்கள்தொகை ‘வெடிக்கிறது’ என்ற பழைய அலறலுக்கு இவ்வெண்களில் இடமில்லை. அலறியவர்களுள் பலர் இப்போது எதிர்த்திசையில் அலறத் தொடங்கியிருப்பதே வேடிக்கை.

சிங்கப்பூருக்கு வருவோம். 1965 ஆகஸ்டில் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடான அத்தீவு, அடுத்த ஆண்டே குடும்பக் கட்டுப்பாட்டுக்கென ஒரு வாரியத்தை நிறுவியது. 1969இல் இயற்றிய சட்டங்களால் கருக்கலைப்பும் விருப்பக் கருத்தடை அறுவையும் எளிதாயின. 1972இல் ‘இரண்டோடு நிறுத்துக’ என்ற முழக்கம் எழுந்தது. முழக்கத்தோடு தண்டனைகளும் வந்தன. பிறக்கும் குழந்தையின் வரிசை எண் ஏற ஏற அரசு மருத்துவமனையின் பேறுகாலக் கட்டணம் ஏறியது. ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பு முதல் இரண்டு பேறுகளோடு நின்றது. வருமான வரிச் சலுகை முதல் மூன்று குழந்தைகளுக்கு மட்டும் என்றானது. அரசு வீடு ஒதுக்கீட்டில் பெரிய குடும்பங்களுக்கு இருந்த முன்னுரிமை போயிற்று. நான்காவது குழந்தைக்கு விரும்பிய பள்ளி எளிதில் கிடைக்காது. பெற்றோருள் ஒருவர் கருத்தடை அறுவை செய்துகொண்டால் கிடைக்கும். கருவிலே இருக்கும் குழந்தைக்கும் பள்ளி வாயிலுக்கும் இடையே அறுவைக் கத்தியை வைத்த அரசு அது.

விகிதம் விழுந்தது உண்மை. 1960இல் 5.76 ஆக இருந்தது 1970இல் 3.07 ஆயிற்று, 1975 அளவில் 2.1ஐ ஒட்டி வந்தது. திட்டம் வெற்றி என்று அரசு மார்தட்டியது. உலக நாடுகளும் கைதட்டின. ஆனால் ஓர் எண்ணை எவரும் கவனமாகப் பார்ப்பதில்லை. வாரியம் பிறப்பதற்கு முன்பே, 1965இலேயே, விகிதம் 4.66க்கு இறங்கிவிட்டிருந்தது. தண்டனைகள் முழு வேகத்தில் வருவதற்கு முன்பே, 1970க்குள், அது 3ஐ நெருங்கிவிட்டது. பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள், மணவயது உயர்ந்தது, பிறந்த குழந்தைகள் இறவாமல் பிழைத்தன, கருத்தடை முறைகள் கைக்கெட்டின. இத்தனை காரணங்களால் அத்தீவின் பெண்கள் தாங்களே எடுத்துக்கொண்டிருந்த முடிவின் மேல் அரசு தன் முத்திரையைக் குத்திக்கொண்டது. தண்டனைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. பெருகி வந்த வெள்ளத்தின் திசையில் துடுப்புப் போட்டவர் தாமே ஆற்றை ஓட்டியதாக எண்ணிக்கொண்டார் என்பதே இங்குச் சொல்லத்தக்கது. அந்த எண்ணம்தான் பின்னாளில் அவரை எதிர்நீச்சலில் மூழ்கடித்தது.

எண்ணிக்கையை ஆளலாம் என்று நம்பும் அரசு, அடுத்ததாக யாருடைய எண்ணிக்கை என்று கேட்கத் தொடங்கும். சிங்கப்பூரும் கேட்டது. 1983 ஆகஸ்டில் தேசிய நாள் உரையில் பிரதமர் லீ குவான் யூ, பட்டம் பெற்ற பெண்கள் மணம் முடிப்பதும் குழந்தை பெறுவதும் குறைகிறது, படிக்காத பெண்கள் மிகுதியாகப் பெறுகிறார்கள், இதனால் நாட்டின் அறிவுத்திறம் தாழும் என்ற பொருளில் பேசினார். 1984இல் இரு திட்டங்கள் வந்தன. மூன்று குழந்தைகளைப் பெறும் பட்டதாரித் தாயின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை என்பது ஒன்று. குறைந்த வருவாயும் குறைந்த படிப்பும் உடைய, முப்பது வயதுக்குட்பட்ட தாய் ஓரிரு குழந்தைகளோடு நிறுத்தி அறுவை செய்துகொண்டால், வீடு வாங்க 10,000 சிங்கப்பூர் வெள்ளி என்பது மற்றொன்று. ஒரே ஆண்டில், ஒரே அரசு, ஒரு பெண்ணின் கருப்பைக்குப் பரிசும் இன்னொரு பெண்ணின் கருப்பையை மூடுவதற்கு விலையும் அறிவித்தது. படித்த பெண்களே இதனை அவமதிப்பாகக் கருதினர். அவ்வாண்டு டிசம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு விழுக்காடு 77.7இலிருந்து 64.8க்குச் சரிந்தது, சரிவுக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் இத்திட்டமும் ஒன்று. பட்டதாரித் தாய்மார்க்கான பள்ளி முன்னுரிமை 1985இல் கைவிடப்பட்டது.

இதற்குள் விகிதம் மேலும் சரிந்து 1986இல் 1.43ஐத் தொட்டது. அதே ஆண்டில் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் கலைக்கப்பட்டது. 1987 மார்ச்சில், அன்றைய துணைப் பிரதமர் கோ சோக் டோங் புதிய முழக்கத்தை அறிவித்தார்: மூன்று பெறுங்கள், வசதியிருந்தால் மேலும் பெறுங்கள். இரண்டோடு நிறுத்தச் சொன்ன வாய்க்கு இடைவெளி பதினைந்தே ஆண்டுகள். ‘நிறுத்து’ என்ற சுவரொட்டியைப் பார்த்து வளர்ந்த சிறுமி, மணவயதை அடைந்தபோது ‘பெறு’ என்ற சுவரொட்டியைக் கண்டாள்.

1988இல் விகிதம் 1.96க்கு ஏறியது. சீனர் நற்பேறாகக் கருதும் டிராகன் ஆண்டு அது. ஆண்டு கழிந்தது, எண்ணும் இறங்கத் தொடங்கியது. 2001இல் குழந்தைக்கு ரொக்க ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. 2004இல் தொகை விரிந்தது. பேறுகால விடுப்பு எட்டு வாரத்திலிருந்து பன்னிரண்டாகவும், 2008இல் பதினாறாகவும் நீண்டது. 2023இல் முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 11,000 வெள்ளி, அடுத்தடுத்த குழந்தைகளுக்குத் தலா 13,000 வெள்ளி என்று ரொக்கம் உயர்ந்தது. முதல் தொகையே இந்திய மதிப்பில் ஏறத்தாழ 7 லட்சம் ரூபாய். 2025 பிப்ரவரி முதல் மூன்றாவது குழந்தைக்கும் அதற்குப் பின் பிறப்பவற்றுக்கும் கூடுதலாக 16,000 வெள்ளி வரை உதவி. தந்தைக்கு நான்கு வார விடுப்பு கட்டாயமாயிற்று.

பலன் என்ன? 2001இல் 1.41. 2010இல் 1.15. 2023இல் 0.97. 2024இலும் 0.97. அந்த 2024ஆம் ஆண்டும் டிராகன் ஆண்டுதான்; இம்முறை டிராகனும் உதவவில்லை. சீனர், மலாயர், இந்தியர் ஆகிய மூவினத்தாரின் விகிதமும் 2.1க்குக் கீழேயே நிற்கிறது. ஒரு தலைமுறை தன்னைப் பதிலீடு செய்யத் தேவையான எண்ணில் பாதியைக்கூட அத்தீவு எட்டவில்லை. சிங்கப்பூர் மட்டும் விதிவிலக்கன்று. ஊக்கத்தொகையை அள்ளி இறைத்த தென்கொரியாவில் 2023ஆம் ஆண்டு விகிதம் 0.72.

உலகின் செல்வ வளம் மிக்க, கட்டொழுங்கு மிக்க, சொன்னதைச் செய்து முடிக்கும் அரசு என்று பெயர் பெற்ற ஒன்றே நாற்பதாண்டுகளாக முயன்று தோற்ற காரியம் இது. அதைத் திருமண மேடையில் ஒரு வாழ்த்துரையால் சாதித்துவிடலாம் என்று கருதுவோரின் தன்னம்பிக்கையை வியக்கத்தான் வேண்டும்.

ஏன் தோற்றது? அத்தீவில் ஒரு பெண்ணின் முதல் பேற்றுக்குரிய இடைநிலை வயது முப்பதைக் கடந்துவிட்டது. நீண்ட வேலைநேரம், பன்னிரண்டு வயதில் குழந்தையின் வழியைப் பிரிக்கும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, அத்தேர்வை நோக்கிய தனிப்பயிற்சிப் போட்டி, வீட்டுக்கான நெடுங்காலக் கடன், வேலையிலும் வீட்டிலும் ஒருசேர முழுநேரம் நிற்க வேண்டிய தாய் ஆகியவற்றை ரொக்கம் மாற்றவில்லை. குழந்தைக்கு ஆகும் செலவில் பணம் ஒரு பகுதிதான். பெரும்பகுதி காலம். அந்தக் காலத்தை யார் தருவது என்பதில்தான் முடிச்சு இருக்கிறது. இந்தியாவிலும் நிலை அதுவே. 2019ஆம் ஆண்டுத் தேசியக் காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாள்தோறும் 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். இன்னொரு குழந்தை வேண்டும் என்று மேடையில் முழங்கும் எவரும், ஆண்களே, அந்த 97ஐ 200 ஆக்குங்கள் என்று முழங்கியதாகச் செய்தியில்லை.

சிங்கப்பூரின் கதையில் தமிழர் மறக்கக்கூடாத இன்னொரு பக்கம் உண்டு. குழந்தை இல்லையே என்று ஏங்கும் அந்நாட்டில் 2024இல் வாழ்ந்த ஏறத்தாழ 60.4 லட்சம் பேரில் 18.6 லட்சம் பேர் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்கள். வானளாவிய குடியிருப்புகளைக் கட்டுவோருள் தமிழ்நாட்டிலிருந்து சென்றோர் பலர். உடலுழைப்புக்கான பணி அனுமதியில் சென்றவர் தம் மனைவியையும் பிள்ளையையும் உடன் வைத்துக்கொள்ள முடியாது. அயல்நாட்டு வீட்டுப் பணிப்பெண் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும். கர்ப்பச் சோதனையும் அதில் அடங்கும். கருவுற்றால் பணி அனுமதியை இழந்து ஊர் திரும்ப நேரும். முதலாளியம்மாள் குழந்தை பெற 11,000 வெள்ளி. அக்குழந்தையைத் தூக்கி வளர்க்கும் பெண் கருவுற்றால் விமானச் சீட்டு. குழந்தை வேண்டும் என்று அரசு சொல்லும்போது, எல்லாக் குழந்தைகளும் வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. ‘எங்கள்’ குழந்தைகள் என்பதே பொருள். அந்த ‘எங்கள்’ என்ற சொல்லின் வேலி எங்கே விழும் என்பதை ஆட்சியில் இருப்பவரே முடிவு செய்வார்.

மும்பைத் தமிழருக்கு இந்த வேலி புதிதன்று. 1966இல் சிவசேனை தோன்றியபோது அதன் முதல் இலக்கு தென்னிந்தியர். எந்த அலுவலகத்தில் எத்தனை தென்னிந்தியர் என்று பெயர்ப்பட்டியல் போட்டு அன்று அரசியல் நடத்தப்பட்டது. ‘மிகுதி’ என்று எண்ணப்படுவது எப்படி இருக்கும் என்பதைத் தாராவியும் மாட்டுங்காவும் செம்பூரும் சுனாபட்டியும் உடலால் அறியும். மக்களை எண்ணிக்கையாக மட்டும் பார்க்கும் கண் ஒருநாள் ‘போதாது’ என்னும்; மறுநாள் ‘அதிகம்’ என்னும். அக்கண்ணுக்குத் தமிழ்நாட்டு மேடையிலிருந்தே ஒளி கூட்டுவது தற்காப்பு ஆகாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். தமிழ்நாட்டின் தொகுதிக் கவலை பொய்யா? பொய்யன்று. 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் மாநிலங்களின் மக்களவைத் தொகுதிப் பங்கு 1976இல் உறையவைக்கப்பட்டது. 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை அந்த உறைநிலை நீட்டிக்கப்பட்டது. ஒன்றிய அரசு சொன்ன குடும்பநலக் கொள்கையைச் செயல்படுத்திய மாநிலம் அதனாலேயே குரல் இழப்பது அநீதி. அந்த அநீதியை எதிர்ப்பது கடமை. ஆனால் அதற்குக் குழந்தை எப்படி மருந்தாகும்? அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. 2025 மார்ச்சில் நாகையில் பேச்சைக் கேட்ட மணப்பெண் அன்றே இணங்கியிருந்தாலும் அந்த நாளுக்குள் அவள் பெற்றுக்கொள்ளக்கூடியது ஏறத்தாழ ஒரே குழந்தை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அது ஓராண்டு இருமடங்கானாலும் ஏழரைக் கோடிக்கு மேற்பட்ட மக்கள்தொகையில் கூடுவது ஒரு விழுக்காட்டை ஒட்டிய அளவே. தொகுதிப் பங்கீடு அரசமைப்புச் சட்டம் சார்ந்த வழக்கு. அதை நாடாளுமன்றத்தில் வாதிட வேண்டும். பிற மாநிலங்களோடு அணிசேர்ந்து போராட வேண்டும். பேறுகால அறையில் வைத்துத் தீர்க்கும் வழக்கு அது இல்லை.

முதுமைக் கவலைக்கும் இதே விடை. மூப்படைந்த சமூகத்துக்கு ஓய்வூதியமும் மருத்துவமும் பராமரிப்போரும் வேண்டும். ஒன்றிய அரசின் முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியவருக்கு ஒன்றியத்தின் பங்கு மாதம் 200 ரூபாய். இன்றிருக்கும் முதியவருக்கு 200 ரூபாய் கொடுத்துவிட்டு, நாளைய முதியவரைக் காக்க இன்றே குழந்தை பெறுங்கள் என்று சொல்லும் துணிவு எங்கிருந்து வருகிறது? உழைக்கும் கைகள் குறைந்தால் புலம்பெயர்ந்து வருவோரை மதிப்போடு ஏற்பது ஒரு வழி. நெல்லையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் தாராவிக்கு வந்த கைகளே இம்மாநகரைத் தாங்கிய கைகளுள் அடங்கும் என்பதை அறிந்த சமூகத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்திய அரசுகள் சிங்கப்பூரைவிட நேர்மையாக நடந்துகொண்டன என்றும் சொல்வதற்கில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்ற ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. 1976இல் கட்டாயக் கருத்தடைக்கு மசோதா நிறைவேற்றிய சட்டமன்றம் மகாராட்டிரத்தினுடையது; குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் மட்டுமே அது சட்டமாகவில்லை. 2001 செப்டம்பருக்குப் பின் மூன்றாவது குழந்தை பெற்றோர் உள்ளாட்சிப் பதவிக்குத் தகுதியிழக்கும் விதியும் இம்மாநிலத்தில் வந்தது. ஆந்திரமும் அத்தகைய விதியை முப்பதாண்டு வைத்திருந்து 2024இல்தான் நீக்கியது. தமிழ்நாட்டில் 1992இல் தொடங்கிய பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம், பெற்றோருள் ஒருவர் கருத்தடை அறுவை செய்துகொண்டதற்கான சான்றைக் கேட்டது. 2017இல் திருத்தப்பட்ட பேறுகாலப் பயன் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமும் மூன்றாவதற்கு 12 வாரமும் விடுப்பு தருகிறது. பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு அதில் ஒரு நாளும் இல்லை. சட்டத்தில் ‘நிறுத்து’, மேடையில் ‘பெறு’. சிங்கப்பூர் பதினைந்தாண்டு இடைவெளியில் பேசிய இரண்டு சொற்களை இங்கே ஒரே மூச்சில் பேசுகிறார்கள்.

அறுவையும் யார் உடலில் நடந்தது? 2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு விழுக்காட்டின் பத்தில் ஒன்று. குடும்பத்தைக் கட்டுப்படுத்தியவள் பெண். இனி பெருக்க வேண்டியவளும் பெண். புகழ் மட்டும் திட்டத்துக்கு.

இதில் மிகுந்த வருத்தம் தருவது, இதற்கு மாற்றான சிந்தனை தமிழரிடமும் மும்பையிடமும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இருந்ததுதான். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார் கர்ப்பத்தடைக்கென்றே ஓர் இயல் ஒதுக்கினார். பிறர் உடல்நலத்துக்காகவும் நாட்டுப் பொருளாதாரத்துக்காகவும் கருத்தடையைப் பரிந்துரைத்தபோது, அவர் பெண்ணின் விடுதலைக்காக அதனை வேண்டினார். காரணம் வேறானால் முடிவும் வேறாகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பொருளாதாரத்துக்காகத் தரப்பட்ட உரிமையைப் பொருளாதாரம் மாறினால் பறித்துக்கொள்ளலாம். விடுதலைக்காகப் பெற்றதைப் பறிக்க முடியாது. மும்பையில் ரகுநாத் தோண்டோ கர்வே 1921இல் கருத்தடை ஆலோசனை மையம் தொடங்கிக் கல்லூரி வேலையை இழந்தார். அவர்மேல் ஆபாச வழக்கு வந்தபோது 1934இல் வாதாடியவர் அம்பேத்கர். 1938 நவம்பரில் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி பம்பாய்ச் சட்டமன்றத்தில் குழந்தைப்பேற்றுக் கட்டுப்பாட்டுத் தீர்மானத்தைக் கொண்டுவந்து தோற்றது. இந்த மரபின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்போர், தேவைக்கேற்பக் கருப்பையைத் திறக்கவும் மூடவும் சொல்லும் மரபைப் பின்பற்றுவது எவ்வளவு பெரிய வீழ்ச்சி!

‘பதினாறும் பெற்று’ என்ற வாழ்த்தில் வரும் பதினாறு பேறுகள் கல்வி, செல்வம், நோயின்மை முதலானவை. பதினாறு பிள்ளைகள் அல்ல. இதை ஸ்டாலினும் அந்த மேடையிலேயே குறிப்பிட்டார். குறிப்பிட்டவர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்தப் பேறுகளில் எத்தனையைத் தம் அரசு தந்தது, எத்தனையை ஒன்றிய அரசு மறித்தது என்று பேசியிருந்தால் அது தலைவரின் உரையாக இருந்திருக்கும்.

குழந்தை வேண்டும் என்று உண்மையாகவே எண்ணும் அரசு செய்யத்தக்கவை பல. எட்டு மணி நேரம் திறந்திருக்கும் குழந்தைக் காப்பகம் ஒவ்வொரு குடியிருப்பிலும் வேண்டும். நண்பகலோடு மூடும் பால்வாடி போதாது. வீட்டுப் பணியாளருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் ஊதியத்துடன் பேறுகால விடுப்பு வேண்டும். தந்தைக்கும் விடுப்பு வேண்டும். அதை எடுக்காத ஆணுக்கு வெட்கம் வர வேண்டும். இரண்டு அறையுள்ள வாடகை வீடு ஓர் உழைப்பாளியின் ஊதியத்துக்குள் அடங்க வேண்டும். பேற்றுக்குப் பின் வேலைக்குத் திரும்பும் பெண் பழைய இடத்திலேயே அமர வேண்டும். இத்தனையும் செய்தால் விகிதம் ஏறுமா? ஏறாமலும் போகலாம். ஆயினும் செய்ய வேண்டும். பிறந்த குழந்தைக்கும் பெற்ற தாய்க்கும் அவை உரியவை என்பதே போதிய காரணம். ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2025 ஆண்டறிக்கையில் வலியுறுத்தியதும் இதை ஒட்டியதே: மக்கள் தாம் விரும்பும் எண்ணிக்கையில் குழந்தைகளைப் பெற இயலாமல் தடுக்கப்படுவதே உண்மையான நெருக்கடி. இரண்டாவது குழந்தையை விரும்பியும் வாடகைக்கு அஞ்சித் தவிர்ப்பவள் அந்த நெருக்கடியில் இருக்கிறாள். வேண்டாத கர்ப்பத்தைக் குடும்பத்தின் அழுத்தத்தால் சுமப்பவளும் அதே நெருக்கடியில் இருக்கிறாள். இருவருக்கும் தேவைப்படுவது ஒன்றே. முடிவு எடுக்கும் அதிகாரமும், எடுத்த முடிவைத் தாங்கும் வாழ்வும்.

சுனாபட்டியின் அந்த ஒற்றைக் கோலிக்கு மூன்று விருந்தாளிகள் வந்து போயினர். முதலாமவர் அறுவைச் சான்றிதழைக் கேட்டார். இரண்டாமவர் பெயர்ப்பட்டியலோடு வந்து, நீங்கள் இங்கே அதிகம் என்றார். மூன்றாமவர் இப்போது தாம்பூலத் தட்டோடு வந்து, இன்னும் பெறுங்கள் என்கிறார். மூவருள் ஒருவரும் உள்ளே எத்தனை பேர் படுக்க இடமிருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை. குழந்தையைப் பற்றி அடுத்த முறை மேடையில் பேச விரும்பும் தலைவர் முதலில் அந்த 300 சதுர அடிக்குள் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். அதுவரை அவ்வீட்டில் எத்தனை குழந்தைகள் என்பது அவ்வீட்டுப் பெண்ணின் கணக்கு. அந்தக் கணக்கில் குறுக்கிட அவருக்கு உரிமையில்லை.